பெஞ்சிலிருந்து பார்ட்னர் வரை: ஐடி கன்சல்டிங்கில் மேலே ஏறுவது எப்படி

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் என். சந்திரசேகரன். திருச்சி ஆர்இசியில் (இன்றைய என்ஐடி) எம்சிஏ முடித்து 1987-ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்தார். 2009 அக்டோபரில் அதே நிறுவனத்தின் சிஇஓ ஆனார். இடையில் 22 ஆண்டுகள். கோவை பிஎஸ்ஜி டெக்கில் படித்த சி. விஜயகுமார் 1994-ல் எச்சிஎல்லில் சேர்ந்து 2016-ல் தலைமைக்கு வந்தார். அவருக்கும் 22. 2023-ல் டிசிஎஸ் சிஇஓ ஆன கே. கிருத்திவாசன் அங்கே சேர்ந்தது 1989-ல். அவருக்கு 34 ஆண்டுகள் ஆயின.

இதைப் பார்த்து, காலம் போனால் பதவி தானாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 1987, 1989, 1994 ஆண்டுகளில் அதே நிறுவனங்களில் சேர்ந்த பலர் நடுவழியில் மேனேஜராகவே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லவே முடியாது. கன்சல்டிங்கில் ஒவ்வொரு பதவி உயர்வும் வேறொரு வேலைக்கு மாறுவதுதான். பழைய வேலையைக் கைவிட மனமில்லாதவர் அங்கேயே நிற்கிறார். எந்தப் படியில் எந்த வேலை, அதை எப்படிக் கற்றுக்கொள்வது, எங்கே தடுக்கும் என்பதைப் புதிதாகச் சேர்பவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

படிகளின் பெயர்கள்

டெலாய்ட், இஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி போன்ற பார்ட்னர்ஷிப் (பங்காளிகளே உரிமையாளர்கள்) நிறுவனங்களில் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: அனலிஸ்ட், கன்சல்டன்ட், சீனியர் கன்சல்டன்ட், மேனேஜர், சீனியர் மேனேஜர், டைரக்டர், பார்ட்னர். அக்சென்சர் 2001-ல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம். அங்கே உச்சியில் இருப்பவர் மேனேஜிங் டைரக்டர். இந்திய ஐடி நிறுவனங்களில் டெலிவரி மேனேஜர், வைஸ் பிரசிடென்ட், பிசினஸ் யூனிட் ஹெட் என்று போகும். பெயர்களை நம்பி ஒப்பிட வேண்டாம். ஓர் இடத்தின் மேனேஜர் இன்னோர் இடத்தின் சீனியர் கன்சல்டன்டாக இருப்பார். வேலை மாறும்போது மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பேர் உங்கள் கீழே, எவ்வளவு பில்லிங் (கிளையண்ட், அதாவது வாடிக்கையாளர், தரும் தொகை) உங்கள் பொறுப்பு, விற்பனை இலக்கு உண்டா. மூன்றாவதற்கு ‘உண்டு’ என்றால் அது உண்மையிலேயே மேல்படி.

முதல் இரண்டு ஆண்டு: நேரம்தான் சரக்கு

கன்சல்டிங் நிறுவனம் விற்பது உங்கள் மணிநேரத்தை. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 2,080 மணி. அதில் 10 பொது விடுமுறை, 20 நாள் சொந்த விடுப்பு என்று 240 மணியைக் கழித்தால் மிஞ்சுவது 1,840. உங்கள் யூட்டிலைசேஷன் (பில் ஆகும் நேரத்தின் பங்கு) இலக்கு 80 சதவீதம் என்றால், 1,472 மணிநேரம் கிளையண்டுக்கு பில் ஆக வேண்டும். ஆனால் சில நிறுவனங்கள் 2,080-ஐ அடிப்படையாக வைக்கின்றன. அங்கே அதே 80 சதவீதத்துக்கு 1,664 மணி தேவை. எது அடிப்படை என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் ரேட்டிங் குறைந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

டைம்ஷீட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் போட்டுவிட வேண்டும். நீங்கள் போடாவிட்டால் மேனேஜர் அப்ரூவ் செய்ய முடியாது. அப்ரூவ் ஆகாத மணிநேரம் அந்த மாத இன்வாய்ஸில் ஏறாது. 45 நாள் கெடுவில் பணம் தரும் கிளையண்ட், ஒரு மாதம் தாமதமாகப் போன இன்வாய்ஸுக்கு ஒரு மாதம் தாமதமாகத்தான் பணம் தருவார். நடுவில் உங்கள் சம்பளத்தை நிறுவனம் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கும். புதியவர்களைப் பற்றி மேலே போகும் முதல் புகார் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

டைம்ஷீட்டில் எழுதும் விளக்கமும் முக்கியம். ‘டெவலப்மென்ட் – 8 மணி’ என்று எழுதினால் கிளையண்டின் கணக்குத் துறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும். ‘சரக்கு இருப்பு அறிக்கை எண் 7, கிளை வாரியான மொத்தம் தவறாக வந்தது, திருத்தம் – 5 மணி, அதற்கான சோதனை – 3 மணி’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் நாட்கள் வரத்தான் செய்யும். அப்போது சான்றிதழ் தேர்வுகளை மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். விற்பனைக்கு முந்தைய வேலை பார்க்கும் பிரசேல்ஸ் குழுவில் போய் நின்று, ஒரு ஆர்எஃப்பிக்கு (கிளையண்ட் முன்மொழிவு கேட்டு அனுப்பும் ஆவணம்) பதில் எழுதும் வேலையில் கை கொடுங்கள். எஸ்டிமேட் எப்படிப் போடுகிறார்கள், கிளையண்ட் என்ன கேட்கிறார், போட்டியாளர்கள் எங்கே வெல்கிறார்கள் என்பதை இரண்டே வாரத்தில் பார்த்துவிடலாம். ப்ராஜெக்டுக்குள் இருப்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

மீட்டிங் குறிப்பு எடுக்கும் வேலை உங்களிடம் வந்தால் சிறிய வேலை என்று தள்ளாதீர்கள். முடிவு என்ன, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இன்னும் தீராத கேள்வி எது என்ற நான்கையும் அன்றைக்கே அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு வரும்போது, அறையில் இருப்பவர்கள் அனைவரும் தேடுவது உங்கள் மெயிலைத்தான்.

எஸ்டிமேட் போடக் கற்றல்

சீனியர் கன்சல்டன்ட் ஆகும் வழி இதுதான். கணிக்கத் தெரியாதவரிடம் யாரும் ப்ராஜெக்டை ஒப்படைக்க மாட்டார்கள். ஓர் உதாரணத்தைப் போட்டே பார்ப்போம். ஒரு சில்லறை வணிகச் சங்கிலிக்குக் கிடங்குச் சரக்கு மென்பொருள். எண்ணிப் பார்த்ததில் 24 அறிக்கைகள், பிற சிஸ்டங்களோடு இணைக்கும் 11 இன்டர்ஃபேஸ்கள், பழைய சிஸ்டத்திலிருந்து கொண்டுவர வேண்டிய 6 வகைத் தரவுகள்.

அறிக்கைகளில் எளியவை 10, ஒன்றுக்கு 4 நாள் வீதம் 40. நடுத்தரம் 9, ஒன்றுக்கு 7 நாள் வீதம் 63. கடினம் 5, ஒன்றுக்கு 12 நாள் வீதம் 60. ஆக 163 ஆள்-நாள் (ஓர் ஆள் ஒரு நாளில் செய்யும் வேலை ஓர் ஆள்-நாள்). இன்டர்ஃபேஸ் ஒன்றுக்கு 9 நாள் என்றால் 99. தரவு ஒவ்வொரு வகைக்கும் 10 நாள் என்றால் 60. கட்டும் வேலை மட்டும் 322. சோதனைக்கு அதில் 30 சதவீதம், 97. இரண்டும் சேர்ந்த 419-க்கு நிர்வாகம் 12 சதவீதம், 50. மொத்தம் 469. எதிர்பாராததற்கு 15 சதவீதம், 70. கடைசி எண் 539 ஆள்-நாள். இங்கே போட்ட நாட்களும் சதவீதங்களும் உதாரணத்துக்குத்தான். உங்கள் நிறுவனம் முன்பு முடித்த ப்ராஜெக்டுகளில் உண்மையில் ஆன நாட்களை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்.

புதியவர் செய்யும் தவறு இதற்குப் பிறகு வரும். 539-ஐ ஆறு பேருக்கு வகுத்து ‘90 வேலை நாள், நாலரை மாதம்’ என்று தேதி சொல்லிவிடுவார். ஆனால் முதல் மூன்று வாரத்தில் ஆறு பேருக்கும் வேலை இருக்காது, தேவைகள் இன்னும் முடிவாகியிருக்காது. கடைசி மாதம் கிளையண்டின் ஆட்கள் சோதித்துச் சொல்லக் காத்திருப்பதில் போகும். அமெரிக்கச் சில்லறை நிறுவனம் என்றால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை, பண்டிகை விற்பனைக் காலத்தில், சிஸ்டத்தில் கை வைக்கவே விட மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் பயன்பாட்டுக்கு வருவதாகத் திட்டமிட்ட ப்ராஜெக்ட் மூன்று வாரம் தாமதமானால், உண்மையில் அது ஜனவரிக்குத்தான் போகும். நாள் கணக்கும் காலண்டரும் வெவ்வேறு. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

எண்ணைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். அப்போது 15 சதவீதக் கையிருப்பை வெட்டாதீர்கள், சோதனையையும் வெட்டாதீர்கள். 24 அறிக்கையை 16 ஆக்கலாமா என்று பேசுங்கள். வேலை குறைந்தால் எண் தானே குறையும்.

எஸ்ஓடபிள்யூவில் ஒரு வரி

ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க் என்ற ஒப்பந்தத் தாளை வக்கீல்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேனேஜர் ஆகப் போகிறவர் அதை வரி வரியாக எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்.

“வாடிக்கையாளருக்குத் தேவையான அறிக்கைகள் அனைத்தும் உருவாக்கித் தரப்படும்.”

தொகை முன்பே முடிவான ஃபிக்சட் பிரைஸ் ஒப்பந்தத்தில் இந்த வரி இருந்தால், நீங்கள் 24 என்று எண்ணியது உங்கள் எக்செல்லில் மட்டும்தான் இருக்கிறது. கிளையண்ட் 40 கேட்கலாம், ஒவ்வொன்றையும் ஆறு முறை மாற்றச் சொல்லலாம். அவர் கேட்பதும் நியாயம்தான், எழுத்தில் ‘அனைத்தும்’ என்று இருக்கிறதே. அதே வரி இப்படி இருக்க வேண்டும்:

“இணைப்பு 2-ல் பட்டியலிட்ட 24 அறிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம். ஒப்படைத்த 5 வேலை நாளுக்குள் எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பட்டியலில் இல்லாதவை மாற்றக் கோரிக்கையாக, தனி மதிப்பீட்டுடன் எடுத்துக்கொள்ளப்படும்.”

எண்ணிக்கை, சுற்று, ஏற்பதற்கான கெடு, மீறினால் வழி ஆகிய நான்கும் ஒப்படைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் (டெலிவரபிள்) வேண்டும். இதோடு ‘இந்த வேலையில் அடங்காதவை’ என்று ஒரு பத்தியும், ‘எங்கள் அனுமானங்கள்’ என்று ஒரு பத்தியும் வையுங்கள். அனுமானங்களில் கட்டாயம் வர வேண்டியவை: கிளையண்ட் தரப்பில் முடிவெடுப்பவர் யார், கேள்விக்கு எத்தனை நாளில் பதில் தருவார், டெஸ்ட் சர்வர் எந்தத் தேதியில் கிடைக்கும், பழைய தரவைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன தரவுச் சுத்தத்தை எழுதாமல் விட்டதால் நஷ்டத்தில் விழுந்த ப்ராஜெக்டுகள் ஏராளம்.

மேனேஜரின் கணக்கு

இங்கே வேலை அடியோடு மாறுகிறது. நேற்று வரை நல்ல நிரல், நல்ல டிசைன். இன்று மார்ஜின், அதாவது வரவில் செலவு போக மிஞ்சும் பங்கு.

பத்துப் பேர் டீம். இருவர் ஆன்சைட் (கிளையண்டின் இடத்தில்), எட்டுப் பேர் ஆஃப்ஷோர் (இந்தியாவில்). மாதம் ஆளுக்கு 160 மணி. ஆன்சைட் பில்லிங் மணிக்கு 100 டாலர், செலவு 70. ஆஃப்ஷோர் பில்லிங் 30, செலவு 15. (கணக்குக்காக வைத்த எண்கள்.) வரவு 32,000 + 38,400 = 70,400. செலவு 22,400 + 19,200 = 41,600. மிச்சம் 28,800, அதாவது 41 சதவீதம்.

ப்ராஜெக்ட் தள்ளாடுகிறது, உதவிக்கு இன்னோர் ஆளை பில் போடாமல் ஆன்சைட் அனுப்புகிறீர்கள். செலவு 11,200 கூடும். மிச்சம் 17,600, மார்ஜின் 25 சதவீதம். ஒரே ஓர் ஆள், 16 புள்ளி போய்விட்டது. அவரை அனுப்புவது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டு, எத்தனை வாரத்துக்கு என்று எழுதி, மேலிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்பும் மேனேஜரைத்தான் அடுத்த படிக்கு ஏற்றுகிறார்கள். காலாண்டு முடிவில் எண் அடிவாங்கிய பிறகு காரணம் சொல்பவர் எவ்வளவு நியாயம் பேசினாலும் எடுபடாது.

நல்ல டெவலப்பராக இருந்து மேனேஜர் ஆனவர்கள் இந்தக் கட்டத்தில் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து ஜூனியரின் நிரலைத் தாங்களே திருத்துவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஜூனியர் கற்பதில்லை, மேனேஜரின் வேலை நிற்கிறது. திருத்தாதீர்கள். பிழை எங்கே என்று காட்டி, திருத்தியதைக் காலையில் பாருங்கள்.

கெட்ட செய்தியைச் சொல்லும் முறை

வாராந்திர நிலை அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். எட்டு வாரம் பச்சை காட்டி ஒன்பதாம் வாரம் திடீரென்று சிவப்பு காட்டினால் கிளையண்டின் நம்பிக்கை ஒரேயடியாகப் போய்விடும். நிறத்தை மனநிலையைப் பொறுத்து வைக்காதீர்கள், விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மைல்கல் 5 வேலை நாள் வரை தள்ளினால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. செலவு திட்டத்தை 5 சதவீதம் தாண்டினால் மஞ்சள், 10 தாண்டினால் சிவப்பு. விதியைத் தொடக்கக் கூட்டத்திலேயே கிளையண்டிடம் ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டால், பிறகு நிறம் மாறுவது யார் மீதும் குற்றச்சாட்டாக இராது.

ப்ராஜெக்டை மேற்பார்வை செய்யும் ஸ்டியரிங் கமிட்டிக்குப் போகும் முன் அதில் உட்காரும் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள். கிளையண்டின் ஐடி தலைவரான சிஐஓ அந்த அறையில் முதன்முறையாகக் கெட்ட செய்தியைக் கேட்கும்படி ஆகவே கூடாது. அவருடைய மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தனியாகச் சொல்லும்போது நான்கு விஷயங்கள் போதும்: என்ன ஆயிற்று, தேதியிலும் பணத்திலும் எவ்வளவு பாதிப்பு, எங்கள் முன் உள்ள இரண்டு வழிகள், அதில் எதை நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஏன் ஆயிற்று என்ற நீண்ட விளக்கத்தை அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலை: விசா

கிளையண்ட் அவசரப்படுத்துகிறார் என்று அமெரிக்க பி-1 விசாவில் போய் நிரல் எழுத உட்காராதீர்கள். அது சந்திப்பு, பேச்சுவார்த்தை, மாநாடு போன்றவற்றுக்கான விசா. ஒரே நிறுவனத்தின் ஊழியரை அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றும் எல்-1 விசாவுக்கு, முந்தைய மூன்று ஆண்டுக்குள் தொடர்ந்து ஓராண்டாவது அதே நிறுவனத்தில் வெளிநாட்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். சிறப்பறிவுப் பணிக்கான எல்-1பி அதிகபட்சம் 5 ஆண்டு, மேலாளர்களுக்கான எல்-1ஏ 7 ஆண்டு, சிறப்புத் தொழில் பணியாளர்களுக்கான எச்-1பி வழக்கமாக 6 ஆண்டு. மேனேஜர் தப்பான விசாவில் போகச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லி இமிக்ரேஷன் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். பாதிக்கப்படப் போவது உங்கள் பாஸ்போர்ட்.

விற்கத் தெரிந்தவரே டைரக்டர்

சீனியர் மேனேஜருக்கு மேல் பெரும்பாலான நிறுவனங்களில் விற்பனை எண் இல்லாமல் பதவி இல்லை. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் தயங்குகிறார்கள். நன்றாக முடித்துக் கொடுத்தால் வேலை தானே வரும் என்று நம்புகிறார்கள். பாதி உண்மை. டிசிஎஸ் 1979-ல் நியூயார்க்கில் அலுவலகம் திறக்க எஸ். ராமதுரையை அனுப்பியபோது, பொறியாளராகச் சேர்ந்த அவர் அங்கே கதவு கதவாகத் தட்டி வாய்ப்புத் தேட வேண்டியிருந்தது. 1996-ல் அவரே சிஇஓ.

பழகத் தொடங்கும் இடம் ஏற்கெனவே இருக்கும் கிளையண்ட். ஒரு தாளில் அவருடைய நிறுவன அமைப்பை வரையுங்கள். யாருக்கு பட்ஜெட் அதிகாரம், யார் நமக்கு ஆதரவு, யாரை இதுவரை சந்திக்கவே இல்லை என்று குறியுங்கள். அவர்களின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். அடுத்த ஆண்டு எதில் செலவு செய்யப் போகிறார்கள் என்பதற்கான குறிப்பு அதிலேயே இருக்கும்.

ஆர்எஃப்பி வந்தவுடன் பதில் எழுத உட்காராதீர்கள். இந்தப் பிரச்சினையைப் பற்றி ஆர்எஃப்பி வருவதற்கு முன்பே கிளையண்டிடம் பேசியிருக்கிறோமா? பணம் ஒதுக்கியாயிற்றா? முடிவெடுப்பவரை நேரில் தெரியுமா? இதே வேலையைச் செய்து காட்டிய இடம் உண்டா? மூன்றுக்காவது ‘ஆம்’ இல்லையென்றால் மரியாதையாக விலகிவிடுங்கள். தோற்கப் போகும் ஏலத்துக்கு எட்டுப் பேரின் நான்கு வாரத்தைக் கொடுப்பது, வெல்லக்கூடிய இன்னொன்றிலிருந்து திருடுவதற்குச் சமம்.

கையில் உள்ள விற்பனை வாய்ப்புகளின் பட்டியலான பைப்லைனைக் கணக்கிடும்போது ஒவ்வொரு வாய்ப்பின் மதிப்பையும் வெற்றி வாய்ப்பின் சதவீதத்தால் பெருக்குங்கள். 10 லட்சம் டாலர் வாய்ப்பு, 30 சதவீதம் என்றால் அது 3 லட்சம்தான். இப்படிப் பெருக்குவதற்கு முந்தைய மதிப்பில் இலக்கைப் போல மூன்று மடங்காவது பைப்லைனில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் பொது விதி.

உச்சிப் படியில்

பார்ட்னராகச் சேர்பவர் பல நிறுவனங்களில் சொந்தப் பணத்தை மூலதனமாகப் போட வேண்டும். கடன் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. கையெழுத்திடும் முன், விலகும்போது அது எப்போது, எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆடிட் செய்யும் நிறுவனமென்றால் இன்னொரு கட்டுப்பாடு: 2002-ன் அமெரிக்க சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள ஆடிட் கிளையண்டுக்கே பலவகை கன்சல்டிங் விற்க முடியாது. உங்களுடைய பங்கு முதலீடுகளையும், வாழ்க்கைத் துணையின் முதலீடுகளையும்கூட அறிவிக்க வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து அமெரிக்கக் கிளையண்டைப் பார்க்கும் எக்சிக்யூட்டிவின் நாள் மாலையில்தான் சூடுபிடிக்கும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் இங்கே மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. காலைப் பொழுதை மீட்டிங்குக்குக் கொடுத்துவிட்டால் நாள் 14 மணிநேரம் ஆகிவிடும். காலையில் இரண்டு மணிநேரத்தை உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் காலண்டரிலேயே பூட்டி வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டு நாற்பது வயதில் உடம்பைக் கெடுத்துக்கொண்ட திறமைசாலிகள் இந்தத் துறையில் மிக அதிகம். எங்களுக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

மேலே போகும்போது பழைய அக்கவுன்ட்டை (கிளையண்ட் பொறுப்பை) ஒப்படைப்பதற்கு ஆறு வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் புதியவர் உங்களோடு எல்லாக் கூட்டத்திலும் உட்காரட்டும், பேச வேண்டாம். அடுத்த இரண்டு வாரம் அவர் நடத்தட்டும், நீங்கள் உட்காருங்கள். கடைசி இரண்டு வாரம் அழைப்பு வந்தாலும் போகாதீர்கள். கிளையண்ட் பழக்கத்தில் உங்கள் செல்லுக்கே கூப்பிடுவார். எடுத்துப் பேசுங்கள், அக்கறையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, ‘பத்து நிமிடத்தில் அவர் உங்களைக் கூப்பிடுவார்’ என்று சொல்லி, அந்தப் பத்து நிமிடத்துக்குள் புதியவரைக் கூப்பிட வையுங்கள்.